கழுத்தைத் தொடாமல் எழுதிய வரி

நம் கால்நடைத் துறை மலரின் இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் ஐம்பத்தெட்டு வயது முடிந்து, மாலை வாங்கிக்கொண்டு, ஆபீஸ் ஜீப்பில் வீடு வந்து சேர்ந்தவர்கள். எனக்கு முப்பத்தொன்று. ஒன்பது வருடம் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்துவிட்டு, இரண்டாவது பிள்ளை பிறந்ததும் போன வருடம் வேலையை விட்டேன். இதை எழுதும்போதும் அவன் மடியில் உட்கார்ந்து பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறான். ஓய்வு பெற்றவர்கள் பக்கத்தில் நான் எழுதுவது சரியா என்று மலர்க் குழுவிடம் இரண்டு முறை கேட்டேன். ஒருமுறை கேட்டால் எனக்குப் போதாது. எழுதுங்கள் என்றார்கள்.

ஆனால் எழுத வைத்தது அவர்கள் இல்லை. என் இடத்துக்கு வந்திருக்கும் செல்வராணி போன மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் போட்டிருந்தாள். "அக்கா, மூன்று மாத நாய்க்குட்டி ஒன்று வந்திருக்கிறது. பத்து நாளாக இருமல் நிற்கவில்லை. டாக்டர் முகாமுக்குப் போயிருக்கிறார். முதலில் என்ன பார்க்க வேண்டும்?"

அன்றே பதில் எழுதிப் பெட்டியில் போட்டேன். குட்டியைத் தரையில் விட்டு, சும்மா இருக்கும்போது எப்படி மூச்சு விடுகிறது என்று பார். எப்போது இருமுகிறது என்று கேள். ஓடினாலா, தண்ணீர் குடித்தாலா, கயிற்றைப் பிடித்து இழுத்தாலா? கண்ணில் பீளை, மூக்கில் சளி, காய்ச்சல், சோற்றில் வெறுப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வைக்கச் சொல்லி, டாக்டருக்கு ஆள் அனுப்பு, காத்திருக்காதே. பூச்சி மருந்து எப்போது கொடுத்தார்கள் என்று கேள். குட்டிகளுக்குப் பூச்சியாலும் இருமல் வரும். மாட்டுக்கு ஊற்றுவதுபோல் தலையைத் தூக்கிப் பிடித்து மருந்தை ஊற்ற விடாதே, நுரையீரலுக்குப் போய்விடும். இதற்கெல்லாம் முன்னால் தாடையிலிருந்து நெஞ்சுவரை கழுத்தைச் சுற்றிக் கையால் தடவிப் பார்.

கடைசி வரிக்குக் கீழே இரண்டு முறை கோடு போட்டேன். ஏன் போட்டேன் என்று எழுதவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

மதுரையில் எனக்குப் பயிற்சி பதினோரு மாதம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் நிறைய. மிக்சர் கலப்பது, களிம்பு அரைப்பது, பாட்டிலில் வேளைக்கு ஒரு பல் என்று காகிதத்தை வெட்டி அளவுப் பட்டை ஒட்டுவது. நாயைப் பற்றி அரை நாள் பாடம், அதிலும் வெறிநாயைப் பற்றித்தான். பெரியகுளத்துக்குக் கிழக்கே ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம்.

அங்கே டாக்டராக இருந்தவர் ஞானதுரை சார். ஒல்லியான மனிதர். மிருகங்களை அவர் மரியாதை இல்லாமல் பேசி நான் கேட்டதில்லை. எருமை வந்தால், "இவுகளுக்கு எத்தனை நாளா இப்படி?" என்பார். கொண்டு வந்தவர் முதலில் விழிப்பார். இரண்டு நிமிடத்தில் அவரும், "நேத்திலருந்து இவுக இரை எடுக்கலைங்க" என்று ஆரம்பித்துவிடுவார்.

சார் கையைக் கழுவாமல் எதையும் தொடமாட்டார். தொட்டதற்குப் பிறகு எல்லோரும் கழுவுவோம். அவர் தொடுவதற்கு முன்பும் கழுவுவார். பிறகு இடது கையை மிருகத்தின் மேல் வைத்து, அது பயம் தெளியும்வரை பேசாமல் நிற்பார். அதற்கப்புறம்தான் வலது கை வேலை செய்யும். நாய் என்றால் தாடைக்குக் கீழே தொடங்கி, கழுத்தை ஒரு சுற்றுத் தடவி, மூச்சுக்குழாயை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்து, அப்படியே நெஞ்சுக்கு வருவார். முடி அடர்ந்த நாய் என்றால் முடியை ஊதிப் பிரித்துத் தோலைப் பார்ப்பார்.

ரிஜிஸ்டர் எழுதுவதில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பார்த்ததை மட்டும்தான் எழுதுவார். நேரமில்லாமல் ஒன்றைப் பார்க்கத் தவறினால் அந்த இடத்தில் "பார்க்கவில்லை" என்று தன் கையாலேயே எழுதி வைப்பார். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி ஒருவர் ஒருமுறை, "என்ன டாக்டர், உங்க குறையை நீங்களே எழுதி வச்சிருக்கீங்க" என்று சிரித்தார். "பார்க்காதது குறை இல்லை சார். நாளைக்கு வர்றவர் பார்த்துக்கிடுவார்" என்றார் இவர். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். கேட்டிருந்தும் பிறகு அதற்கு நேர்மாறாகச் செய்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது வருடம். என் மகளுக்கு எட்டு மாதம். பிரசவ விடுப்பு முடிந்து, பழனிசெட்டிபட்டியில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் அவளை விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்கு ஒரு பயம் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஏதாவது நோயை அவளுக்குக் கொண்டுபோய்விடுவேனோ என்று. வாசலிலேயே சேலை மாற்றிக்கொண்டு, கையை டெட்டாலில் கழுவி, உள்ளே போய் மறுபடி கழுவி, பிறகுதான் அவளைத் தூக்குவேன். "இன்னும் ஒரு தடவை கழுவினா கைரேகையும் போயிரும்" என்பார் என் வீட்டுக்காரர்.

அந்த வாரம் மகளுக்கு இருமல். சாதாரணச் சளிதான் என்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. பயிற்சியில் எழுதிய பழைய நோட்டைத் தேடி எடுத்து, மிருகங்களிடமிருந்து மனிதருக்கு ஒட்டும் நோய்களின் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். நாய்க்குட்டியின் இருமல் அதில் இல்லை. எழுதிக்கொள்ளும்போது நான் விட்டிருப்பேனோ என்று தோன்றியது.

மறுநாள் காலையில் பேச்சியம்மா வந்தாள். ஜெயமங்கலத்துப் பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் புருஷனோடு காவல் இருந்துகொண்டு, அங்கேயே வெற்றிலை கிள்ளுகிறவள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, தலையில் வெற்றிலைக் கூடை. கூடையை இறக்கினாள். வாழை மட்டை விரித்து, அதன்மேல் கன்னங்கரேலென்று ஒரு நாய்க்குட்டி. பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை.

"டாக்டரய்யா எங்கனம்மா?"

"சின்னமனூர்ப் பக்கம் கோமாரி ஊசி போடப் போயிருக்காக. வர நாலு நாளாகும். என்ன செய்யுது?"

"இருமல்மா. பன்னெண்டு நாளாச்சு. தொண்டையில முள்ளு சிக்குன மாதிரி கொக்குக் கொக்குங்குது. ஏலே வண்டு, அம்மாவுக்கு இருமிக் காட்டுலே."

வண்டு வாலை ஆட்டியது. இருமவில்லை.

"பாருங்க. இங்கன வந்ததும் நல்லபுள்ள ஆயிருச்சு. நாந்தான் பொய் சொல்லுதேன்னு நெனப்பீக."

"சாப்பிடுதா?"

"அதெல்லாம் என் பங்கையும் சேத்துத் திங்குது. தண்ணி குடிக்கக் குனிஞ்சாத்தான் சாஸ்தி. கொட்டாவி விட்டாக்கூட இருமுது."

நோய் இன்னதென்று அந்த வார்த்தைகளிலேயே இருந்தது. குனிந்தால், வாயைத் திறந்தால், கழுத்து அசைந்தால் இருமுகிறது. சார் கேட்டிருந்தால் அடுத்த நொடி அவர் கை கழுத்துக்குப் போயிருக்கும்.

நான் மேசைக்கு இரண்டு எட்டுத் தள்ளி நின்றேன். பேச்சியம்மாவையே குட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வாலை மட்டும் இரண்டு விரலால் தூக்கித் தெர்மாமீட்டர் வைத்தேன். காய்ச்சல் இல்லை. கண் சுத்தமாக இருந்தது. மூக்கு ஈரமாக இருந்தது. அப்போது குட்டி இருமியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு கிட்டேயே போகவில்லை.

பெரிய ஜாடியிலிருந்து இருமல் மிக்சரை அவள் கொண்டு வந்திருந்த தேங்காயெண்ணெய் பாட்டிலில் ஊற்றினேன். அளவுப் பட்டை வெட்டி ஒட்டினேன். பல் பல்லாக அழகாக வெட்டினேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. ரிஜிஸ்டரில், "கண் சுத்தம். மூக்கு ஈரம். காய்ச்சல் இல்லை" என்று எழுதினேன். அடுத்து கழுத்து, தொண்டை. "பார்க்கவில்லை" என்று எழுதியிருக்கலாம். சார் எழுதுவாரே. ஆனால் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? "தொட்டுப் பார்த்தது, இயல்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பேச்சியம்மா போகவில்லை. பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, எம் புள்ளைக்கும் ரெண்டு நாளா இருமல். இது வாலப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறா. நாய் இருமல் புள்ளைக்கு ஒட்டுமா?"

சார் இருந்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். குட்டிக்குக் காய்ச்சலோ சளியோ இல்லை, பயப்பட ஒன்றுமில்லை, தொட்டால் கை கழுவிக்கொள்ளுங்கள், பிள்ளையின் இருமலைப் பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள் என்பார். நான் என் வீட்டுத் தொட்டிலை நினைத்துக்கொண்டு பேசினேன்.

"ஒட்டினாலும் ஒட்டும். கைப்புள்ள இருக்கிற வீட்டுல இத வச்சுக்கிறதே நல்லதில்ல."

"எங்கன கொண்டுபோயி விடச் சொல்லுதீக?"

"அது உம் பாடு. பாத்துச் செய்யி."

வெள்ளைக் கோட்டுப் போட்டவள் சொன்னால் அது அரசாங்கம் சொன்ன மாதிரி. அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். நான் மூன்று முறை கை கழுவினேன்.

நான்கு நாள் கழித்துச் சார் வந்து, இல்லாத நாட்களின் பக்கங்களை வரி வரியாகப் படித்தார். அந்தப் பக்கத்தில் நின்றார்.

"கழுத்தத் தொட்டுப் பாத்தீகளாம்மா?"

"தொட்டேன் சார்."

"அப்பச் சரி. மறுபடி வந்தா எனக்குக் காட்டுங்க."

அதற்குப் பிறகு பத்து நாள் இருக்கும். வடுகபட்டியில் பூண்டுக் கமிஷன் கடை வைத்திருப்பவர் ஒருவர், சாக்கில் சுற்றி ஒரு குட்டியைக் கொண்டு வந்தார். யாரோ மார்க்கெட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம்.

"எங்க இருந்து வர்றாக இவுக?" என்றார் சார்.

"தெரியலைங்க. ஒரு வாரமா நம்ம கடைச் சாக்கு மேலதான் இவுக படுக்கை. பூண்டு வாசத்துக்கு இருமல் போயிரும்னு நெனச்சேன். இவுக இருமுறதப் பாத்துட்டு, பூண்டுல காரம் கூடிப்போச்சான்னு யாவாரி கேக்குறாக."

எலும்பும் தோலுமாக இருந்தது. பின்னங்காலில் வெள்ளை. நான் தெர்மாமீட்டர் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சார் கை கழுவினார். இடது கையை அதன் முதுகில் வைத்தார். வலது கை தாடைக்குக் கீழே போய், கழுத்தில் அரைச் சுற்று வந்து, நின்றுவிட்டது.

"கத்தரி கொடுங்கம்மா."

முடியை ஊதிப் பிரித்தார். தோலுக்குள் புதைந்து ஒரு கருப்புக் கயிறு. இரண்டு பக்கமும் புண்ணாகிச் சீழ் கட்டியிருந்தது. கத்தரியின் முனை உள்ளே போகவே இடமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நூலை நூலாக நறுக்கினார். கயிறோடு ஒரு துண்டு வசம்பு வந்தது. குட்டி சின்னதாக இருந்தபோது கண் படாமலிருக்க யாரோ கட்டிய கயிறு. குட்டி வளர்ந்தது, கயிறு வளரவில்லை. கருப்பு முடியில் கருப்புக் கயிறு கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரியும்.

அதே மாதிரிக் கயிறு ஒன்று என் மகள் இடுப்பிலும் இருந்தது. சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்க்கும்போது விரலை உள்ளே விட்டுப் பார்த்து, இறுக்கினால் தளர்த்திக் கட்டியவள் நான்.

புண்ணைக் கழுவி மருந்து வைத்த பிறகு வண்டு ஒரு கிண்ணம் தண்ணீரை மெதுவாகக் குடித்தது. நடுவில் ஒரே ஒரு முறை இருமியது.

"இது பேச்சியம்மாவோட குட்டி சார். முன்னாடி வந்ததுதான்" என்றேன். அதையாவது சொன்னேன்.

சார் பழைய பக்கத்தை எடுத்தார். படித்தார். என்னைப் பார்க்கவில்லை. காத்திருந்தார். இப்போது நினைத்தால் எனக்காகத்தான் காத்திருந்தார் என்று தெரிகிறது.

"முடிக்குள்ள இருந்துச்சு சார். அப்பக் கைக்குத் தட்டுப்படல."

"அப்படியும் இருக்கலாம்" என்றார். பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "இன்னைக்குப் பாத்தத எழுதுங்க. பழசு அப்படியே இருக்கட்டும்."

நேரில் சொன்ன இரண்டாவது பொய்யையும் அவர் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

புண் ஆறும்வரை குட்டியை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக்கொண்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒயர் கூடையில் வைத்துக் கொடிக்காலுக்கு நானே கொண்டுபோனேன். பேச்சியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்துகொண்டு போனேன். முதல் வாக்கியம்: "நான் அன்றைக்குத் தொட்டுப் பார்க்கவே இல்லை."

அகத்தி நிழலில் அவள் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். கூடையைப் பார்த்தவுடன் எழுந்து ஓடி வந்தாள். வண்டு கூடைக்குள்ளேயே சுழன்றது.

"ஆத்தா, இது உசுரோடயா இருக்கு? எங்க வீட்டுக்காரரு கொண்டுபோயி விட்டுட்டு வந்து மூணு நாளு சோறு திங்கலம்மா. புள்ளைக்கு இருமல் அதுக்கு முன்னாடியே நின்னுருச்சு. இருமலு போயிருச்சா இதுக்கு?"

"போயிருச்சு."

"என்ன வியாதியாம்?"

நான் வாயைத் திறந்தேன். தயார் செய்த வாக்கியம் வரவில்லை. வேறொன்று வந்தது.

"கழுத்துல கயிறு இறுக்கிப் புண்ணாயிருச்சு. நீ கட்டின கயிறுதான்."

அவள் முகம் மாறியதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. தன் வலது கையை எடுத்து, அது வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்தாள்.

"நாந்தான் கட்டுனேன். புள்ளைக்குக் கட்டயில இதுக்கும் ஒண்ணு கட்டுனேன். புள்ளைக்கு அவுத்துக் கட்டுனேன். இத மறந்துட்டேனே. அப்ப நாந்தான் இத இரும வச்சேனா? இரும வச்சு, தூக்கியும் எறிஞ்சேனா?"

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. "இனிமே பாத்துக்க" என்றேன். ஒரு கவுளி வெற்றிலையை வாழைநாரில் கட்டிக் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

வண்டு நல்ல காவல் நாயாக வளர்ந்தது. வருடா வருடம் வெறிநாய்த் தடுப்பூசிக்குக் கூட்டி வருவாள். வந்தவுடன், ஊசி என்று சொல்வதற்கும் முன்னால், நாயின் தாடையைத் தூக்கிப் பிடித்து, கழுத்து முடியைத் தானே பிரித்துக் காட்டுவாள். "பாருங்கம்மா. ஒண்ணும் கட்டல. சணல்கூடக் கட்டல." நான் குனிந்து பார்த்து, "சரி" என்பேன். நான்கு வருடம் இது நடந்தது. குற்றம் செய்தவள் மேசைக்கு அந்தப் பக்கம் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்க, அவள் தன்னை நிரூபித்துவிட்டுப் போவாள். சார் மாற்றலாகிப் போய்விட்டார். நானும் வேலையை விட்டேன். பிள்ளைகளுக்காக விட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அடுத்த ஊசி நாள் வரப்போகிறது என்ற நினைப்பும் அதில் இருந்தது.

செல்வராணிக்குப் பதில் எழுதியபோது, "பேச்சியம்மா வந்து கழுத்தைக் காட்டினால், நான் சொன்னதாக அவளிடம் சொல்" என்று தொடங்கி அரைப் பக்கம் எழுதினேன். பிறகு கிழித்தேன். அந்தச் சுமையையும் இன்னொரு பெண்ணின் தலையில் வைக்கப் பார்த்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே போனேன். பேச்சியம்மா அகத்தி நிழலில் வெற்றிலை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு வயதுப் பையன் ஒருவன், அவளுடைய இரண்டாவது பிள்ளை, அம்மணமாக மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். தொடவில்லை என்றேன். தொட்டதாக எழுதினேன் என்றேன். டாக்டரிடம் கைக்குத் தட்டுப்படவில்லை என்று பொய் சொன்னேன் என்றேன். வீட்டில் வைத்துக்கொள்ளாதே என்றது நானாகச் சொன்னது, எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன். அன்றைக்கே தொட்டிருந்தால் அன்றைக்கே அறுத்திருக்கலாம் என்றேன்.

அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை. பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது போலிருக்கிறது. அடுக்கியதைக் கலைத்து மறுபடி முதலிலிருந்து எடுத்தாள்.

"இவனுக்கு அரைஞாக் கயிறுகூடக் கட்டலம்மா" என்றாள், பையனைக் காட்டி. "எங்க வீட்டாளுக எல்லாரும் ஏசுனாக. கட்டுனா அவுக்க மறந்துருவேன்னு பயம். எங் கையி மேல எனக்கு நம்பிக்கையில்ல. அஞ்சு வருசமா."

மகனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். 

"ஏலே வண்டு" என்று கூப்பிட்டாள். கொடிக்கால் வாய்க்காலைத் தாண்டிக் கருப்பாக ஓடி வந்தது. அவள் தாடையைத் தூக்கிக் காட்டவில்லை. வெற்றிலையை அடுக்கியபடியே இருந்தாள்.

மகனைக் கீழே இறக்கிவிட்டேன். வாய்க்காலில் கையைக் கழுவினேன். இடது கையை நாயின் முதுகில் வைத்தேன். அது நிற்கும்வரை காத்திருந்து, தாடைக்குக் கீழே தொடங்கி, முடிக்குள் விரலைவிட்டுச் சுற்றி வந்தேன். தோலில் ஒரு கோடு இருந்தது. முடி முளைக்காத, வழுவழுப்பான கோடு.

பேச்சியம்மா தலை நிமிராமல் கேட்டாள். "இப்பத் தட்டுப்படுதாம்மா?"

"தட்டுப்படுது" என்றேன்.